பொருளாதாரத்துல பிஎச்டி: ஊர் தெரிஞ்சா போதுமா?

கேள்வி
8 ஜூன் 2025

ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே. எம்.ஏ. பொருளாதாரம் முடிச்சு ஒரு வருஷம் ஆகுது. பிஎச்டி பண்ணணும்னு இருக்கேன். வீட்ல பி.எட். போ, டெட் எழுதுங்கிறாங்க. எங்க காலேஜ் சார் ஒருத்தர், "நீ டெல்டா பையன், விவசாயத்துல ஏதாவது தலைப்பு எடு, ஊரைச் சுத்தி முந்நூறு பேர்கிட்ட கேள்வித்தாள் நிரப்பினா மூணு வருஷத்துல ஈசியா முடிஞ்சிரும்"னு சொல்றார். கணக்கு எனக்கு அவ்வளவா வராது. பண்ணி முடிச்சவங்க யாராவது நேரா சொல்லுங்க.

8 ஜூன் 2025, ராத்திரி

பண்ணலாமா வேணாமாங்கிறது அப்புறம். யார் காசுல பண்றீங்க?

நான் பாபநாசம் பக்கம். கும்பகோணத்துல எம்.ஏ. வரைக்கும் படிச்சு, நெட் (கல்லூரி வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் எழுதற தகுதித் தேர்வு) எழுதி, வெளி மாநிலத்துல ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல பிஎச்டி முடிச்சேன். இப்போ பாடம் எடுக்கறேன். அந்த நிறுவனத்தோட பேரைக் கேக்காதீங்க, பின்னாடி திட்டறதா இருக்கேன்.

யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவோட நெட்ல ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை அடிச்சா மாசம் 37,000. ரெண்டு வருஷம் கழிச்சு அதோட அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரிக்கு முன்னாடி இது 31,000, 35,000. ஜேஆர்எஃப் இல்லாம மத்தியப் பல்கலைக்கழகத்துல சேர்ந்தா நான்-நெட் ஃபெல்லோஷிப்னு மாசம் 8,000. பல இடத்துல அதுவும் கிடையாது. எட்டாயிரத்துல மெஸ் பில் கட்டி, வருஷக் கட்டணம் கட்டி, களப்பணிக்கு ஊர் ஊரா பஸ் ஏறி... வீட்லேர்ந்து காசு வராத பிள்ளைக்கு இது ஓடாது. என் கண் முன்னாடி பாதியில விட்டுட்டுப் போனவங்கள்ல படிப்பு வராமப் போனவங்களை விட காசு பத்தாமப் போனவங்கதான் அதிகம்.

அதனால முதல் வேலை நெட். ரெண்டு தாளும் ஒரே மூச்சுல மூணு மணி நேரம், முதல் தாள் 50 கேள்வி, ரெண்டாவது 100, தப்புக்கு மார்க் கழிக்கறதில்ல. ஜேஆர்எஃப்புக்கு வயசு 30 தாண்டக் கூடாது. பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசிக்கு அஞ்சு வருஷம் தளர்வு. 2024 ஜூனிலிருந்து ஜேஆர்எஃப்புக்குக் கீழே இருக்கிறவங்களும் நெட் மார்க்கை வச்சே பிஎச்டி சேர்க்கைக்குப் போகலாம்: நெட் மார்க்குக்கு 70, நேர்காணலுக்கு 30 சதவீதம். அந்த மார்க் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும்.

9 ஜூன் 2025

எந்த யுனிவர்சிட்டின்னு மூணு பேர் தனியா கேட்டிருக்கீங்க.

சென்னையில எம்ஐடிஎஸ்ங்கிற வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், 1971ல மால்கம் ஆதிசேசையா ஆரம்பிச்சது. அதே சமயத்துல திருவனந்தபுரத்துல பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் சிடிஎஸ்ங்கிற வளர்ச்சி ஆய்வு மையத்தை ஆரம்பிச்சார். ரெண்டுலயும் கிராமம், கூலி, நிலம் பத்தி எழுதறதுக்கு நீண்ட பழக்கம் இருக்கு. கணக்கும் கோட்பாடும் பிடிக்கும்னா டெல்லி ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்), டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பையில ரிசர்வ் வங்கி 1987ல ஆரம்பிச்ச ஐஜிஐடிஆர்ங்கிற ஆராய்ச்சி நிறுவனம், சென்னையில மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். ஊரை விட்டு நகர முடியாதவங்களுக்கு நீலக்குடியில மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கு, திருவாரூர்லேர்ந்து டவுன் பஸ் தூரம்.

ஆனா பேரைப் பாத்து சேராதீங்க, கைடைப் பாத்து சேருங்க. யுஜிசி விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்துல எட்டு பேருக்கு மேல, இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கு மேல, உதவிப் பேராசிரியர் நாலு பேருக்கு மேல வச்சுக்கக் கூடாது. அந்த எட்டுல எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேர் காணாமப் போனாங்கன்னு விசாரிங்க. முடிச்சவங்க கைடைப் பத்தி நல்லதுதான் சொல்வாங்க. பாதியில போனவங்களைத் தேடிப் பிடிச்சு ஒரு டீ வாங்கிக் குடுங்க.

12 ஜூன் 2025

மேட்டூர் இன்னிக்குத் திறந்தாச்சு. கல்லணைக்கு மூணு நாள். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே தண்ணி எப்போ வரும்னு கேள்வி கேட்ட தம்பியையே கேளுங்க. அதுக்குள்ள லீனியர் ஆல்ஜீப்ராவுல ரெண்டு அத்தியாயம் முடிச்சிடலாம், வேணும்னா மூணு.

14 ஜூன் 2025

கணக்கு.

"வராது"ன்னா என்ன வராது? பன்னிரண்டாவதுல வகைக்கெழு போட்டிருக்கீங்களா? ரெண்டு மாறி இருந்தா பகுதி வகைக்கெழு எடுக்கத் தெரியுமா? அணி பெருக்கல்? நிகழ்தகவுல எதிர்பார்ப்பு மதிப்பு? இதுல ஓட்டை இருந்தா ஒரு வருஷத்துல அடைக்கலாம். பயமா இருக்குங்கிறது வேற சமாச்சாரம், அதுவும் போகும், கொஞ்சம் மெதுவா.

நம்ம ஊர் எம்.ஏ.வுல சமநோக்கு வளைகோடு (ஒரே அளவு திருப்தி தர்ற பண்டச் சேர்க்கைகளைக் காட்டற கோடு) வரைஞ்சு, தொடுகோடு வரைஞ்சு, "நுகர்வோர் சமநிலை"ன்னு அடியில கோடு போட்டுட்டு வந்தோம். அனுமானங்கள்னு அஞ்சு பாயிண்ட். எனக்கு அஞ்சும் மனப்பாடம், தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். அங்க போய் மைக்ரோ முதல் வாரம் குடுத்த வீட்டுப்பாடம்: இந்த அஞ்சுல ஒண்ணை எடுத்துட்டா மீதியை வச்சு அந்த வளைகோடு இருக்குமா, இல்லையா? இருக்கும்னா நிறுவு, இல்லைன்னா எதிர் உதாரணம் குடு. வரையறதுக்கே ஒண்ணும் இல்ல அதுல. வெள்ளைத்தாளை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

பக்கத்து ரூம்ல பி.எஸ்சி. கணிதம் படிச்சுட்டு வந்த ஒரு பொண்ணு. அவளுக்குத் திறந்த கணம், மூடிய கணம், குவிவு எல்லாம் விரல் நுனியில. ஆனா விலை ஏறினா குத்தகைக்காரன் ஏன் உரம் குறைக்கறான்னு கேட்டா முழிப்பா. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவ எனக்கு அனாலிசிஸ், நான் அவளுக்குப் பொருளாதாரம். முதல் வருஷம் தாண்டினது அதனாலதான். பாடத்தை விட, நம்மகிட்ட இல்லாதது யார்கிட்ட இருக்குன்னு கண்டுபிடிக்கறது முக்கியமா இருந்துது.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேணாம். ஆர் இலவசம். ஸ்டேட்டா அங்க போனா குடுப்பாங்க.

15 ஜூன் 2025

"கணக்கே இல்லாம பிஎச்டி முடிச்சவங்க ஆயிரம் பேர் இருக்காங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இருக்காங்க, ஒத்துக்கறேன். அந்த ஆய்வேட்டை நானும் பாத்திருக்கேன், நீங்களும் பாத்திருப்பீங்க: பதில் சொன்னவங்களோட வயசு, மதம், கல்வி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சதவீதப் பட்டியல், பட்டியலுக்குக் கீழே பட்டியலையே வாக்கியமா எழுதினது, நடுவுல ரெண்டு விஷயத்துக்குத் தொடர்பு இருக்கான்னு பாக்கற ஒரு கை-வர்க்கச் சோதனை, கடைசியில "விவசாயிகள் சந்திக்கும் பிரச்சினைகள்"னு வரிசைப்படுத்தற காரெட் ரேங்கிங். முதல் இடம் எப்பவும் தண்ணிக்கு. ரெண்டாவது ஆள் பற்றாக்குறைக்கு. இதைக் கண்டுபிடிக்க ஆலக்குடி ரயில் கேட்ல வண்டி நிக்கற நேரம் போதும்.

கணக்கு இல்லாமலே அருமையா பண்ணலாம், அதுவும் உண்மை. பொருளாதார வரலாறு இருக்கு. கிராமத்துலயே வருஷக்கணக்கா உக்காந்து எழுதறது இருக்கு. ஆனா அதுக்கு வேண்டிய உழைப்பு கணக்கை விடக் கூடத்தான் இருக்கும். கணக்குலேர்ந்து தப்பிக்கறதுக்காக அங்க போகக் கூடாது.

16 ஜூன் 2025

மேல ஒருத்தர் "உதவிப் பேராசிரியர் ஆக பிஎச்டி கட்டாயம்"னு போட்டிருக்கார். இப்போ அப்படி இல்ல. 2018 விதியில பல்கலைக்கழகத் துறைகளுக்கு 2021லேர்ந்து கட்டாயம்னு இருந்துது, 2023க்குத் தள்ளிப்போச்சு, அப்புறம் 2023லயே நெட், இல்ல மாநில அளவுல நடக்கற செட், ஸ்லெட் போதும், பிஎச்டி விருப்பம்னு யுஜிசி மாத்திடுச்சு. அதனால வேலைக்காக மட்டும்னா நெட் எழுதிட்டு நேரா விண்ணப்பிக்கலாம். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கும் எம்.ஏ. போதும், யுபிஎஸ்சி நடத்தறது, 21லேர்ந்து 30 வயசு.

இதைச் சொன்னா அவர் பிஎச்டியே வேணாம்னு போயிடுவாரோன்னு ஒரு சகோதரி கவலைப்படறாங்க. போனா நல்லதுதானே. வேலைக்கு வேற வழி இருந்தும் இதைப் பண்ணணும்னு தோணினா பண்ணட்டும்.

22 ஜூன் 2025

"டெல்டா பையன், ஈசியா முடிஞ்சிரும்"ங்கிறதுக்கு வர்றேன். ரெண்டு வாரமா இதை எழுதணும்னுதான் நேரம் தேடிட்டிருந்தேன்.

டெல்லியில தயாரான ஒரு பெரிய கணக்கெடுப்போட படிவத்தைப் பாத்துத்தான் எங்க எல்லாருக்கும் கேள்வித்தாள் எழுதச் சொல்லிக் குடுத்தாங்க. எத்தனை ஹெக்டேர், ஹெக்டேருக்கு எத்தனை குவிண்டால். வலங்கைமான் பக்கம் ஒரு திண்ணையில உக்காந்து ஒரு பெரியவர்கிட்ட கேக்கறேன். "ஆறு மா வச்சிருக்கேன். போன சம்பாவுல மாவுக்குப் பன்னெண்டு மூட்டை கண்டுதும்மா." மா 33 சென்ட், மூணு மா ஒரு ஏக்கர், அது சரி. மூட்டை? அவர் வீட்டுல மூட்டைன்னா 60 கிலோ. கொள்முதல் நிலையத்துல போடற சிப்பம் 40 கிலோ. பன்னெண்டு மூட்டைங்கிறதை எந்தச் சாக்குல எண்ணினார்? 60ன்னா ஏக்கருக்கு 2,160 கிலோ. 40ன்னா 1,440. விதை, உரம், தண்ணி எதுவும் மாறாம ஏக்கருக்கு 720 கிலோ வித்தியாசம், வெறும் சாக்குனால. இதைக் கேக்காம முந்நூறு படிவம் நிரப்பி, கம்ப்யூட்டர்ல ஏத்தி, உரத்தோட விளைவுன்னு ஒரு எண்ணைக் கண்டுபிடிச்சா அது உரத்தோட விளைவா, சாக்கோட விளைவா?

இதெல்லாம் ஊர்ப் பிள்ளைக்குச் சட்டுனு உறைக்கும். அங்கதான் உங்களுக்கு லாபம். உங்க சார் சொன்ன "ஈசி" இதுதான்னா நான் கூட ஒத்துக்குவேன்.

ஆனா ஊர்க்காரங்களுக்கு இன்னொரு கண் அவிஞ்சிருக்கும். எங்க கைடு ஒருநாள், "உங்க ஊர்ல நடவுக்கு ஒரு பெண்ணுக்கு என்ன கூலி?"ன்னு கேட்டார். சொன்னேன். "எப்படித் தெரியும்?" ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே சார். "அதான் கேக்கறேன், எப்படித் தெரியும்?" திரும்பி வந்து நடவுக் குழுவைக் கூட்டிட்டுப் போற ஒரு அக்காகிட்ட உக்காந்தேன். ஊர்ல பேசற நாள் கூலின்னு ஒண்ணு இருக்கு, யாரும் அந்தக் கூலிக்கு நடறதில்ல. ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி எடுக்கறாங்க, எத்தனை பேர் வந்தாங்களோ சமமா பிரிச்சுக்கறாங்க. முட்டி வலிக்குதுன்னு மெதுவா நடற பாட்டிக்கும் அதே பங்கு. "அவளும் ஒருகாலத்துல எங்களை இழுத்துட்டுப் போனவதானே"ங்கிறாங்க அந்த அக்கா. உழைப்போட இறுதிநிலை உற்பத்தித்திறனுக்கு, அதாவது கடைசியா சேர்ற ஒரு ஆளால எவ்வளவு கூடுதலா விளையுதோ அதுக்கு, சமமா கூலின்னு எம்.ஏ.வுல எழுதினேனே, அதை அன்னிக்குத்தான் முதல்தடவையா ஒரு கேள்வியா பாத்தேன். என் மூணாவது அத்தியாயம் முழுக்க அந்த அக்கா குடுத்ததுதான்.

23 ஜூன் 2025

மூட்டை 62 கிலோன்னு ஒருத்தர், 75ன்னு ஒருத்தர், "எங்க தாத்தா காலத்துல கலம்தான்"னு ஒருத்தர். சண்டை வேணாம். மூணு பேரும் ஒரே ஆய்வுல பதில் சொல்றவங்களா வந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க, அவ்வளவுதான் நான் சொன்னது.

25 ஜூன் 2025

குத்தகை பத்தி எழுதச் சொன்னாங்க. சுருக்கமா.

அடங்கல் பாத்திருக்கீங்களா? கிராம நிர்வாக அலுவலர்கிட்ட இருக்கற கணக்கு. சர்வே எண், பரப்பு, பட்டாதாரர், என்ன பயிர், எந்தப் பாசனம். உழுதுக்கிட்டிருக்கறவர் வேற ஆளா இருந்தா அதைக் காட்டற இடம் பெரும்பாலும் காலியா இருக்கும். ஊர்ல பாதி நிலம் வாய்மொழிக் குத்தகையில ஓடினாலும் காகிதத்துல எல்லாரும் சொந்த நிலத்துல உழற மாதிரி தெரியும். காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: 1955ல குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969ல குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்துது. பேரு ஏறிடுச்சுன்னா லேசுல வெளியேத்த முடியாது. அதனால பேரே ஏத்தறதில்ல. குத்தகைக்காரரைக் காப்பாத்த வந்த சட்டம் அவரைக் கணக்குலேர்ந்து மறைய வச்சுது. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்போ, கடனை வாங்கிப் பயிர் வச்சவர் ஒருத்தர், நிவாரணத்துக்குப் பட்டாவைக் காட்ட வேண்டியவர் இன்னொருத்தர்னு எத்தனை வீட்டுல பிரச்சினை ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

கோயில், மடத்து நிலத்துல நிலைமை வேற, அங்க குத்தகைப் பதிவு இருக்கு, பாக்கியும் பதிவா இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டு எழுதணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. யாராவது எடுத்துக்குங்க, எனக்கு இனிமே தெம்பு இல்ல.

1 ஜூலை 2025

வருவாய்த்துறையோட கணக்கு வருஷமான பசலி, 1435, இன்னிக்குப் பிறந்துது. வாழ்த்துகள்.

சும்மா சொல்லல. அடங்கல் பசலியில, அதாவது ஜூலையிலேர்ந்து ஜூன் வரைக்கும். அரசு செலவுக் கணக்கு ஏப்ரல்லேர்ந்து மார்ச். நெல் கொள்முதல் பருவம் அக்டோபர்ல ஆரம்பிக்கும், நம்ம குறுவைக்காக செப்டம்பர் ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி இழுத்த வருஷமும் உண்டு. தண்ணி வருஷமோ மேட்டூர் வழக்கமா திறக்கற ஜூன் 12ல. "2022-23"ன்னு நாலு பட்டியல்ல போட்டிருந்தா நாலும் ஒரே வருஷம் இல்ல. இதை ஒட்டவைக்கறதுலயே எனக்கு ஒரு கோடை போச்சு. பிஎச்டின்னா பெருசா யோசிக்கறதுன்னு நினைச்சுட்டு வர்றவங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிடணும்: பாதி நேரம் நெல்லுல கல் பொறுக்கற வேலைதான்.

6 ஜூலை 2025

வெளிநாடு.

நான் போகல. கூடப் படிச்ச ரெண்டு பேர் அமெரிக்காவுல முடிச்சாங்க, அவங்க வழியா தெரிஞ்சதைச் சொல்றேன். அங்க முதுகலை இல்லாமலே நேரா பிஎச்டியில எடுப்பாங்க, அஞ்சாறு வருஷம். முதல் வருஷம் மைக்ரோ, மேக்ரோ, எகனாமெட்ரிக்ஸ், முடிவுல தகுதித் தேர்வு, அதுல விழுந்தா மூட்டை கட்ட வேண்டியதுதான். (60 கிலோ மூட்டை.) அப்புறம் சிறப்புப் பாடங்கள், அப்புறம் மூணு கட்டுரை சேர்ந்த ஆய்வேடு. நல்ல இடங்கள்ல கட்டணம் கிடையாது, உதவித்தொகை உண்டு, பதிலுக்கு இளங்கலைப் பசங்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கணும். விண்ணப்பம் டிசம்பர் வாக்குல, மூணு பரிந்துரைக் கடிதம், பதில் சொல்லக் கடைசி நாள் ஏப்ரல் 15. கடைசி வருஷம் ஒரே ஒரு கட்டுரையைக் கையில வச்சுக்கிட்டு உலகம் பூரா வேலை தேடணும், அதுக்குப் பேரே ஜாப் மார்க்கெட் பேப்பர்.

அங்க அவங்க பாக்கறது கணக்குப் பாடங்களோட மார்க்கும் கடிதம் எழுதறவரும். நம்ம கடிதங்கள்ல "நல்ல ஒழுக்கமான மாணவர்"னு எழுதுவாங்களே, அது அங்க செல்லாது. அதனால நடுவுல ஒரு படி இருக்கு: ஜே-பால் மாதிரி களத்துல ஆய்வு நடத்தற அமைப்புகள்ல, பெரிய ஆராய்ச்சிகள்ல களப்பணி உதவியாளரா ரெண்டு வருஷம். சம்பளமும் வரும், கடிதம் எழுத ஒரு ஆளும் கிடைப்பார். தமிழ் பேசி, கிராமத்துல உக்காந்து, ஆர்ல நிரலும் எழுதத் தெரிஞ்ச பிள்ளைக்கு அங்க மதிப்பு உண்டு.

இந்த வருஷம் மே கடைசியில மாணவர் விசா நேர்காணலுக்குப் புதுசா நேரம் குடுக்கறதையே நிறுத்தி வச்சு, ஜூன்ல திரும்ப ஆரம்பிச்சாங்க. அதனால அமெரிக்கா ஒண்ணையே நம்பிட்டு உக்காராதீங்க. அரியலூர்ல பிறந்த சி. ரங்கராஜன் 1964ல பென்சில்வேனியாவுல பிஎச்டி வாங்கினார், பின்னாடி ரிசர்வ் வங்கி கவர்னர் ஆனார்னு எங்க வாத்தியார் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். சொல்லட்டும், கேக்க நல்லாத்தான் இருக்கு. பெட்டி கட்டறதுக்கு முன்னாடி கணக்கை முடிங்க.

20 ஜூலை 2025

கேள்வி கேட்ட தம்பி தனிச் செய்தியில ஒரு தலைப்பு அனுப்பியிருக்கார்: மேட்டூர் தாமதமா திறந்த வருஷங்கள்ல கடைமடைக் குடும்பங்களோட வருமானம். அனுமதி வாங்கிட்டு இங்கயே பதில் போடறேன், மத்தவங்களுக்கும் ஆகும்.

யோசனை நல்லா இருக்கு. 1992ல நியூஜெர்சியில குறைந்தபட்சக் கூலியை ஏத்தினாங்க, பக்கத்துல பென்சில்வேனியாவுல ஏத்தல. ரெண்டு பக்கமும் துரித உணவுக் கடைகள்ல வேலை குறைஞ்சுதான்னு டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் ஒப்பிட்டாங்க. கார்டுக்கு 2021ல நோபல் வந்தப்போ அந்த மாதிரி வேலையையும் சொல்லித்தான் குடுத்தாங்க. நம்மகிட்ட மேட்டூர் திறந்த தேதி இருக்கு: 2019ல ஆகஸ்ட் 13, 2022ல மே 24, 2024ல ஜூலை 28. தலைமடை ஒரு பக்கம், கடைமடை ஒரு பக்கம். பாக்க அதே மாதிரிதான் இருக்கு.

இப்போ உடைக்கறேன். கும்பகோணம், பாபநாசம் பக்கம் ஃபில்டர் பாயிண்ட் குழாய்க் கிணறு இருக்கு, கரண்ட் இலவசம், அணை திறந்தாலும் திறக்காட்டியும் குறுவை நடவு ஓடும். உங்க பக்கம் நிலத்தடித் தண்ணி உப்பு. ஆக, தலைமடையையும் கடைமடையையும் பிரிக்கறது வாய்க்கால் தூரம் மட்டும் இல்ல. ரெண்டாவது, தாமதமான வருஷம் கர்நாடகத்துல மழை பொய்ச்ச வருஷம், அந்த வருஷம் விலைவாசி, வெளியூர் வேலை எல்லாமே வேற மாதிரி இருக்கும். மூணாவது, அரசு குறுவைத் தொகுப்புன்னு விதை, உரம் குடுக்குது, அது எந்த வருஷம் எங்க போச்சுங்கிறதையும் கழிக்கணும். நாலாவது, மே மாசமே அணையோட நீர்மட்டத்தைப் பேப்பர்ல பாத்துட்டு உங்க ஊர்ப் பசங்க திருப்பூருக்குப் பஸ் ஏறிடறாங்க. தேதி அறிவிக்கறதுக்கு முன்னாடியே விளைவு ஆரம்பிச்சாச்சு.

மனசு ஒடிஞ்சுடாதீங்க. ஒரு யோசனையை நாலு பேர் உக்காந்து இப்படிப் பிரிச்சுப் போடறதுதான் பிஎச்டி கருத்தரங்கு. திட்டறாங்கன்னு நினைச்சு அழுத பிள்ளைகளைப் பாத்திருக்கேன்.

21 ஜூலை 2025

நேத்து எழுதினது கொஞ்சம் கூடுதல் கடுமைன்னு தோணுது. நாலாவது பாயிண்ட்டை மட்டும் எடுத்து வச்சுக்குங்க. ஊர்ப் பசங்க எந்த நீர்மட்டத்துல பஸ் ஏறறாங்க? அது முட்டுக்கட்டையே இல்ல, அதுவே ஒரு ஆய்வு.

3 ஆகஸ்ட் 2025

ஆடிப்பெருக்கு. எங்க ஊர்ல ஆறு நிறையத் தண்ணி, படித்துறையில கூட்டம், நான் செத்த நேரம் ஒதுங்கி இதை எழுதறேன்.

பொண்ணுங்க நிறைய பேர் படிச்சிட்டிருக்கறதா தெரியுது. உங்களுக்கு ஒண்ணு ரெண்டு. 2022 யுஜிசி விதிப்படி பிஎச்டிக்கு குறைஞ்சது மூணு வருஷம், கூடுதலா ஆறு, மறுபதிவு பண்ணா இன்னும் ரெண்டு. பெண்களுக்கு அதுக்கு மேலயும் ரெண்டு வருஷம் தளர்வு. மகப்பேறு விடுப்பு 240 நாள். உங்க கைடே இது தெரியாத மாதிரி பேசுவார், விதியை அச்செடுத்துக் கையில வச்சுக்குங்க.

"எப்போ முடியும்?"ங்கிறதுதான் வீட்டுல, தெருவுல, கல்யாண வீட்டுல கேக்கற ஒரே கேள்வி. என் அத்தை ஒருத்தங்க "டாக்டர் ஆகப் போறா, ஆனா ஊசி போட மாட்டா"ன்னு எல்லார்கிட்டயும் அறிமுகப்படுத்துவாங்க. அந்த அளவுக்குப் புரிஞ்சாலே அதிர்ஷ்டம்.

14 செப்டம்பர் 2025

நான் படிச்ச நிறுவனத்தைத் திட்டறேன்னு சொன்னேனே.

ஃபெல்லோஷிப் காசு மாசாமாசம் வராது. எங்க நிறுவனத்துல கைடு கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, நிதிப் பிரிவுல ஒரு மேஜை, இந்த மூணும் தாண்டி ஏறணும். ஒரு மேஜையில இருக்கறவர் லீவு போட்டா நமக்கு வாடகை கிடையாது. அப்புறம் ஒருநாள் மொத்தமா வந்து விழும், அன்னிக்கு எல்லாரும் பிரியாணி. அடுத்த மாசம் திரும்பவும் கடன். சேரும்போதே மூணு மாசச் செலவுக்குக் கையில வச்சுக்கிட்டு சேருங்க.

மூணாவது, நாலாவது வருஷம் ஒரு பள்ளம் உண்டு. பாடம் முடிஞ்சிருக்கும், பரீட்சை இருக்காது, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. கூடப் படிச்சவங்க பேங்க்ல மேனேஜர் ஆகியிருப்பாங்க. அந்த வருஷங்கள்ல என்னை எழுப்பி உக்கார வச்சது ஒரு சின்ன ஏற்பாடு: ஹாஸ்டல்ல நாலு பேர், வாரம் ஒரு பக்கம் எழுதி மத்தவங்ககிட்ட குடுக்கணும், குடுக்காதவங்க டீ வாங்கணும். நல்லா எழுதணும்னு இல்ல. குடுக்கணும்.

26 அக்டோபர் 2025

களத்துல நெல்லு நனைஞ்சு முளைச்சுக் கிடக்கு, இந்த நேரத்துல பிஎச்டி பத்தி எழுதறதான்னு ஒருத்தர் கோபமா கேட்டிருக்கார். நியாயமான கோபம். எங்க சித்தப்பா வீட்டு நெல்லும் தார்ப்பாய்க்கு அடியிலதான் இருக்கு.

ஆனா தம்பி அதைப் பத்தியே ஒரு புது யோசனை அனுப்பியிருக்கார். மேட்டூரை விட எனக்கு இது பிடிச்சிருக்கு. அவர் எழுதினது சுருக்கமா: கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம் வரைக்கும்தான் எடுப்பாங்க. அப்பாவோட சிப்பம் போடப் போனப்போ ரசீதுகளைப் பாத்தாராம். 16.8, 17, 17, 16.9, 17. இயற்கையில நெல்லு இப்படியா காயும்?

2 நவம்பர் 2025

காயாது. அதனாலதான் நல்ல கேள்வி.

ஆயிரம் குவியலோட ஈரப்பதத்தை வரைபடமா போட்டா 14லேர்ந்து 22 வரைக்கும் மெதுவா ஏறி இறங்கணும். 17ல ஒரு மலையும் 17.1ல ஒரு பள்ளமும் இருந்தா அங்க மனுஷங்க ஏதோ பண்றாங்கன்னு அர்த்தம். அது என்னன்னு அவசரமா முடிவு கட்டாதீங்க. விவசாயி இன்னொரு நாள் காயப் போட்டு 17க்குக் கொண்டு வந்திருக்கலாம், அது நேர்மையான உழைப்பு. அளக்கறவர் இரக்கப்பட்டு 17.6ஐ 17ன்னு எழுதியிருக்கலாம். வேற மாதிரியும் இருக்கலாம். மூணுக்கும் வரைபடம் ஒரே மாதிரிதான் தெரியும், பிரிக்கறது உங்க வேலை.

அதுக்கு ஒரு பிடி இருக்கு. மழை பெய்ஞ்ச சில பருவங்கள்ல மத்திய அரசு வரம்பைத் தளர்த்தியிருக்கு, 2022 அக்டோபர்ல 19, 2023 பிப்ரவரியில 20. அன்னிக்கு அந்த மலை 17லேர்ந்து 19க்கு நகர்ந்துதா? எவ்வளவு வேகமா நகர்ந்துது? ஒரே வாரத்துல நகர்ந்திருந்தா காயப் போடற உழைப்பு எவ்வளவு மிச்சமாச்சு? 2025-26 பருவத்துல சாதா ரகத்துக்கு மத்திய விலை 2,369, மாநில ஊக்கத்தொகை 131 சேர்த்து குவிண்டாலுக்கு 2,500. ஒரு நாள் களத்துல காத்திருக்கறதோட விலையை இதுலேர்ந்து பிடிக்க முடியும்.

ஒரு பெரிய ஓட்டை. ரசீதுல இருக்கறது எடுத்துக்கிட்ட நெல்லு மட்டும்தான். ஈரம்னு திருப்பி அனுப்பினது எந்தப் பதிவேட்டுலயும் இருக்காது. அதனால ரசீதை மட்டும் வச்சு எழுதினா பாதிப் படம்தான். நிலையத்துல மெஷின் வச்சு அளக்கறதுக்கு முன்னாடி, களத்துல காயும்போதே, ஒரு ஈரப்பதமானியை வாங்கி நீங்களே அளக்கணும். எந்தெந்த நிலையம், ஒரு நாளைக்கு எத்தனை குவியல், யார்கிட்ட அனுமதி, திருப்பி அனுப்பினவங்க நெல்லை வியாபாரிகிட்ட என்ன விலைக்குத் தள்ளினாங்கன்னு எப்படிக் கேக்கப் போறீங்க, இதையெல்லாம் ரெண்டு பக்கத்துல எழுதி அனுப்புங்க. சம்பா அறுவடை தை, மாசியில. டிசம்பர் நெட்டுக்கு விண்ணப்பம் போட்டாச்சான்னும் சொல்லுங்க.